கழிவுகள் கட்டிய கூரை

மழை நாளில் ஓட்டு வீட்டையும் மாடி வீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டுக்கும் மேலே விழுவது ஒரே மழைதான். ஆனால், இரண்டு கூரைகளும் அதை எதிர்கொள்ளும் முறை வேறு.

ஓட்டுக் கூரை தண்ணீரைத் தடுப்பதில்லை, விரட்டுகிறது. சரிவில் விழுந்த துளி ஓர் ஓட்டிலிருந்து அடுத்த ஓட்டுக்கு இறங்கி, இடுக்குகளில் நுழைய நேரம் கிடைக்குமுன் இறவாரத்தின் வழியே தரைக்கு வந்துவிடுகிறது. ஓடுகளுக்கு இடையே சந்துகள் இருந்தாலும் வீடு நனையாமல் இருப்பதன் காரணம் இதுவே. தட்டைக் கூரைக்கு இந்த வசதி இல்லை. அங்கே தண்ணீர் தேங்குகிறது, காத்திருக்கிறது, ஒரு மயிரிழை வெடிப்பு இருந்தாலும் அதைத் தேடிக் கண்டுபிடித்து உள்ளே இறங்குகிறது. ஆகவே, தட்டைக் கூரையை ஒழுகாமல் காப்பது, சாய்வுக் கூரையைக் காப்பதைவிடப் பன்மடங்கு கடினமான வேலை.

பெரிய ஆலைகளும் கிடங்குகளும் நெருக்கமான நகர வீடுகளும் பெருகிய 19-ஆம் நூற்றாண்டில், மேலை நாடுகளில் இந்தச் சிக்கல் பெரிதாக எழுந்தது. அகன்ற கட்டடத்துக்குச் சாய்வுக் கூரை போட்டால் அது மலைபோல் உயரும், செலவும் ஏறும். ஈயத் தகடும் செப்புத் தகடும் விலை மிக்கவை. இதற்குத் தீர்வு தந்தவை எவை தெரியுமா? கிழிந்த கந்தல் துணி, எரிவாயு நிலையம் வெளியே தள்ளிய கறுப்புச் சாறு, ஆற்றுப் படுகைக் கூழாங்கல் ஆகிய மூன்றுமே! எவரும் விரும்பாத பொருள்கள் கூரையான வரலாற்றையும், அதற்காகச் சிலர் தம் உடலால் கொடுத்த விலையையும் இக்கட்டுரையில் காண்போம்.

பழங்காலத்துக் கீல்

கறுப்பான, ஒட்டும் தன்மையுள்ள, நீரில் கரையாத ஒரு பொருளைக் கொண்டு தண்ணீரைத் தடுக்கலாம் என்பது மனிதனுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த உண்மை. இயற்கையில் நிலத்திலிருந்து கசியும் இத்தகைய பொருளை நிலக்கீல் என்கிறோம். சிந்துவெளி நகரமான மொகஞ்சதாரோவில் ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட பெருங்குளத்தை நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதன் செங்கற் சுவர்களுக்கு இடையே ஏறத்தாழ 1 அங்குலக் கனத்தில் நிலக்கீல் அடுக்கு ஒன்று இருக்கிறது. குளத்து நீர் சுவரில் ஊறி வெளியேறாமல் அது காத்தது.

பாபிலோன் நகரத் தொங்கு தோட்டத்தைப் பற்றிக் கிரேக்க வரலாற்றாசிரியர் தியோதரஸ் கி.மு. முதல் நூற்றாண்டில் எழுதிய குறிப்பு நமக்கு மிகவும் பயன்படும். தோட்டத்து மண்ணின் ஈரம் கீழே இறங்காதபடி, முதலில் நிலக்கீலில் பதித்த நாணல், அதன்மேல் இரண்டு வரிசைச் சுட்ட செங்கல், அதற்கும் மேல் ஈயத் தகடு என்று அடுக்கடுக்காகக் கூரை அமைத்ததாக அவர் கூறுகிறார். அத்தோட்டம் இருந்த இடத்தை அகழ்வாராய்ச்சியாளர்கள் இன்னும் உறுதி செய்யவில்லை. எனினும், நீரைத் தடுக்க ஒரு பொருள் போதாது, பல பொருள்களை அடுக்க வேண்டும் என்ற எண்ணம் அக்காலத்திலேயே தோன்றிவிட்டது என்பதற்கு இக்குறிப்புச் சான்று. நாணல் இழை, நிலக்கீல் பசை. இழையும் பசையும் சேர்ந்த இந்த இணையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதை முழுவதும் இது திரும்பத் திரும்ப வரும்.

கப்பலிலிருந்து கூரைக்கு

நிலக்கீல் எல்லா நாடுகளிலும் கிடைப்பதில்லை. வட ஐரோப்பிய மக்களுக்கு அதற்கு ஈடாகக் கிடைத்தது மரத்தார். பைன் மரத்தின் வேர்களையும் அடிக்கட்டைகளையும் காற்று அதிகம் புகாதபடி மூடிப் புகைய விட்டால், பழுப்பும் கறுப்புமான குழம்பு வடியும். அதுவே தார். அதைக் காய்ச்சி, ஆவியாகும் எண்ணெய்களைப் போக்கினால் எஞ்சுவது கெட்டியான கீல். மரக்கப்பல்களின் பலகை இடுக்குகளை அடைக்கச் சணல் பிசிறும் கீலும் பயன்பட்டன. இங்கும் இழையும் பசையும் சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள்.

கப்பலின் உடலைக் காத்த முறை கூரைக்கு ஏறியது இயல்பே. சுவீடனின் கடற்படைத் துறைமுகமான கார்ல்ஸ்க்ரோனாவில் ஆர்விட் ஃபாக்சே என்பவர் 1780-களில் தார் ஊட்டிய தடித்த தாளைக் கூரைக்குப் பயன்படுத்தும் முறையை முன்வைத்தார். பின்னர் ஜெர்மானிய நாடுகளிலும் இத்தகைய முயற்சிகள் தொடர்ந்தன. சைலீசியாவின் ஹிர்ஷ்பெர்க் நகரைச் சேர்ந்த சாமுவேல் ஹொய்ஸ்லர் 1839-இல் ஒரு புது முறையை வகுத்தார். தாளையும் தார்க் கலவையையும் மாற்றி மாற்றிப் பல அடுக்குகளாகப் பரப்பி, மேலே சரளைக் கல்லைக் கொட்டினார். பிற்கால அடுக்குக் கூரையின் உறுப்புகள் அனைத்தும் அதில் அடங்கியிருந்தன. ஆனால், ஆலைக் கூரைகளை எல்லாம் மூட வேண்டுமானால் மலிவான தார் மலைமலையாகத் தேவை. அது எங்கிருந்து வந்தது?

விளக்கு தந்த கழிவு

அந்தத் தாரைத் தந்தது தெருவிளக்கு. நிலக்கரியை மூடிய கலத்தில் காற்றுப் படாமல் சூடாக்கினால் எரியும் வாயு வெளிப்படும். இதைக் கொண்டு வில்லியம் மர்டாக் என்ற பொறியியலாளர் 1792-இல் இங்கிலாந்தின் ரெட்ரூத் நகரிலிருந்த தம் வீட்டில் விளக்கேற்றினார். 1812-இல் இலண்டனில் எரிவாயு நிறுவனம் ஒன்று அரசின் உரிமை பெற்றுத் தொடங்கியது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் 1817-இல் எரிவாயுத் தெருவிளக்கு எரிந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் பெரிய நகரங்களில் எல்லாம் எரிவாயு நிலையங்கள் எழுந்தன.

நிலக்கரியிலிருந்து வாயு மட்டுமா வந்தது? 1,000 கிலோ கரிக்கு ஏறத்தாழ 50 கிலோ கறுப்புத் தாரும் உடன் வந்தது. நாற்றமடிக்கும் இந்தப் பொருளை என்ன செய்வது என்று நிலையத்தாருக்குத் தெரியவில்லை. சிறிதளவை எரித்தனர், சிறிதளவை மரங்களுக்குப் பூசினர், எஞ்சியதைக் குழிகளிலும் ஆறுகளிலும் கொட்டினர்.

இந்தத் தாரிலிருந்து கிடைக்கும் வேதிப்பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்த 18 வயது இளைஞர் வில்லியம் பெர்க்கின், 1856-இல் ஊதா நிறச் சாயத்தைக் கண்டுபிடித்ததை நீங்கள் படித்திருக்கலாம். சாயமும் மருந்தும் நறுமணப் பொருளும் பிறந்த கதை அதன் பிறகு வளர்ந்தது. ஆனால், அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. தாரைக் காய்ச்சி வடித்து வேதியியலார் வேண்டிய எண்ணெய்களை எல்லாம் எடுத்துக்கொண்ட பிறகும், அதில் பாதிக்கு மேல் கெட்டியான கீலாக எஞ்சிவிடும். கழிவிலும் கழிவான அந்தக் கீலே கூரைக்குப் போயிற்று.

சின்சினாட்டி சகோதரர்கள்

கப்பலின் பலகையை மூடப் பயன்படும் தாளைப் பைன் தாரில் தோய்த்துக் கூரையில் ஒட்டும் வழக்கம் 1840-களில் அமெரிக்காவில் பரவிவந்தது. ஒஹையோ ஆற்றங்கரையிலுள்ள சின்சினாட்டி நகரில் 1847-இல் கூரைத் தொழில் நடத்திய சாமுவேல் வாரன், சைரஸ் வாரன் என்னும் சகோதரர்கள், பைன் தாருக்குப் பதிலாக எரிவாயு நிலையத்தின் நிலக்கரித் தாரைப் பயன்படுத்தத் தொடங்கினர். நிலையத்துக்குச் சுமை குறைந்தது; சகோதரர்களுக்கு மலிவான சரக்குக் கிடைத்தது.

இவர்களுள் சைரஸ் வாரன் வெறும் ஒப்பந்தக்காரராக நின்றுவிடவில்லை. தாம் கூரையில் பூசிய பொருள் எதனால் ஆனது என்று அறிய விரும்பி, ஹார்வர்டில் அறிவியல் பயின்றார். ஐரோப்பாவுக்குச் சென்று ஆராய்ச்சியும் செய்தார். தாரிலுள்ள ஹைட்ரோகார்பன்களைக் கொதிநிலை வேறுபாட்டால் ஒவ்வொன்றாகப் பிரிக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். 1866-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கரிம வேதியியல் பேராசிரியரானார். கூரைத் தார் ஒருவரைப் பேராசிரியராக்கியது வியப்புக்குரியது அல்லவா?

அடுக்கு செய்யும் வேலை

இனி, இக்கூரையின் உள்ளமைப்பைப் பார்ப்போம். இழைகளை நெய்யாமல், அமுக்கிச் செய்த தடித்த தாளுக்கு ஃபெல்ட் என்று பெயர். அக்காலத்தில் கூரை ஃபெல்ட் பழந்துணிகளை அரைத்த கூழிலிருந்து தயாராயிற்று. தெருத்தெருவாகக் கந்தல் பொறுக்கியவர்களின் மூட்டைகள் ஆலைக்குப் போய், சுருள் சுருளாகக் கூரைத் தாளாக வெளிவந்தன. இத்தாளுக்குத் தாரை ஊட்டிக் கூரைமேல் விரித்து, ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் வரை காய்ச்சிய கீலை நீண்ட காம்புள்ள துடைப்பத்தால் பூசி, அடுத்த சுருளை அதன்மேல் விரிப்பார்கள்.

எத்தனை அடுக்கு? வழக்கமாக 4 அல்லது 5. நான்கு சுருள்களை ஒன்றன்மேல் ஒன்றாக நேரே போட்டுவிடுவதில்லை. சுருளின் அகலம் 36 அங்குலம் என்று கொள்ளுங்கள். ஓரத்தில் கூடுதலாக ஏறவேண்டிய 2 அங்குலத்தைக் கழித்தால் மிச்சம் 34. இதை 4-ஆல் வகுத்தால் 8½. ஒவ்வொரு சுருளிலும் 8½ அங்குலம் மட்டுமே வெளியே தெரியும்படி, மீதியை அடுத்து வரும் சுருள்கள் மூடும். இப்படிச் செய்தால் கூரையின் எந்த இடத்தில் விரல் வைத்தாலும் அதன் அடியில் 4 அடுக்கு இருக்கும். ஓர் அடுக்கின் விளிம்பும் மற்றோர் அடுக்கின் விளிம்பும் ஒரே இடத்தில் சந்திக்கமாட்டா. ஒன்றில் ஊசித்துளை இருந்தாலும் அடுத்தது அதை மூடிவிடும்.

ஒவ்வொரு பொருளுக்கும் இங்கே ஒரு வேலை உண்டு. நீரைத் தடுப்பது கீல்தான், ஃபெல்ட் அன்று. ஃபெல்ட் தனித்து நனைந்தால் அழுகிவிடும். ஆனால், கீல் மட்டும் இருந்தால் வெயிலில் வழியும், குளிரில் வெடிக்கும். கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி எவ்வாறு இழுவிசையைத் தாங்குகிறதோ, அவ்வாறே கீலுக்குள் ஃபெல்ட் தாங்குகிறது. ஆகவேதான் ஃபெல்ட்டும் ஃபெல்ட்டும் நேரடியாகத் தொடக் கூடாது, நடுவில் எங்கும் கீல் இருக்க வேண்டும் என்பது இத்தொழிலின் முதல் விதியாயிற்று.

கீலுக்கு மற்றொரு விந்தையான குணமும் உண்டு. சுத்தியலால் அடித்தால் கண்ணாடிபோல் உடையும் இப்பொருள், உண்மையில் மிக மிக மெதுவாக ஓடும் திரவம்! ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக் கழகத்தில் பேராசிரியர் தாமஸ் பார்னல் 1927-இல் கீலைச் சூடாக்கி ஒரு புனலில் ஊற்றினார். 1930-இல் புனலின் அடியைத் திறந்துவிட்டார். ஒரு சொட்டு விழ எட்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆயின. 2014 வரை விழுந்தவை 9 சொட்டுகள் மட்டுமே. கூரையில் இக்குணம் பேருதவி செய்கிறது. குளிர்காலத்தில் தோன்றிய மயிரிழை வெடிப்பு, கோடை வெயிலில் கீல் இளகுவதால் தானே மூடிக்கொள்கிறது. தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் கூரை என்று இதைச் சொல்லலாம். ஆனால், இதே காரணத்தால் செங்குத்தான சரிவில் இக்கீல் நில்லாது, வழிந்து இறங்கிவிடும். தட்டைக் கூரைக்கே அது பொருத்தமானது.

மேலே கொட்டும் கூழாங்கல் எதற்கு? 100 சதுர அடிக்கு ஏறத்தாழ 180 கிலோ கல்லைத் தடித்த கீலில் பதிப்பார்கள். சூரியனின் புற ஊதாக் கதிர்கள் கீலை வறளச் செய்து நொறுங்க வைக்கும். கல் அதற்கு நிழல் தருகிறது. காற்று அடுக்குகளைப் பிய்த்துக்கொண்டு போகாமல் எடையாக நிற்கிறது. பறந்துவரும் தீப்பொறி எரியக் கூடிய கீலை நேரே தொடாமல் தடுக்கிறது. இக்கடைசிப் பயன் சிறிதன்று. 1871 அக்டோபரில் சிகாகோ நகரம் எரிந்து ஏறத்தாழ 300 பேர் மாண்டு, ஒரு லட்சம் பேர் வீடிழந்தபோது, மரச்சில்லுக் கூரைகளும் தார்க் கூரைகளும் அத்தீக்கு இரையாகி அதை வளர்த்தன.

கணக்கில் வராத கழிவு

இதுவரை கேட்ட கதை, கழிவுகளை எல்லாம் பயனாக்கிய வெற்றிக் கதை. ஆனால், கொப்பரையில் காய்ந்த கீலிலிருந்து எழுந்த மஞ்சள் புகையை எவரும் கணக்கில் எடுக்கவில்லை. அது போய்ச் சேர்ந்த இடம் தொழிலாளியின் தோலும் நுரையீரலும்.

கீல் பட்ட தோலில் வெயில் பட்டால் தீப்பட்டதுபோல் எரியும். கீலிலுள்ள சில சேர்மங்கள் சூரிய ஒளியை உறிஞ்சித் தோலைப் புண்ணாக்குவதே காரணம். கூரை வேலையோ நிழலில்லாத இடத்தில் நடப்பது! இதைவிடக் கொடிய தீங்கு மெல்ல வெளிப்பட்டது. புகைபோக்கி துடைக்கும் தொழிலாளரைத் தாக்கிய தோல் புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணம் என்று இலண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1775-இலேயே எழுதியிருந்தார். 1875-இல் ஜெர்மன் மருத்துவர் ஃபோல்க்மான் தார்த் தொழிலாளரிடமும் அதே நோயைக் கண்டார். 1907-இல் பிரிட்டன், தாராலும் கீலாலும் வரும் தோல் புற்றுநோயை இழப்பீடு பெறத்தக்க தொழில் நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

தார்தான் காரணம் என்பதைச் சோதனையால் நிலைநாட்டியவர்கள் ஜப்பானியர். டோக்கியோவில் யாமகிவா, இசிகாவா ஆகிய இருவரும் முயல்களின் காதில் மாதக் கணக்கில் நிலக்கரித் தாரைத் திரும்பத் திரும்பப் பூசி, புற்றுநோய் உண்டாவதை 1915-இல் காட்டினர். ஆனால், நூற்றுக்கணக்கான சேர்மங்கள் கலந்த தாரில் குற்றவாளி எது? இலண்டனில் கென்னவேயின் ஆய்வுக் குழுவினர் 2 டன் கீலை எடுத்து, பிரித்துப் பிரித்துப் பார்த்து, சில கிராம் அளவில் ஒரு மஞ்சள் படிகத்தை அடைந்தனர். பென்சோபைரீன் என்னும் அச்சேர்மத்தை 1933-இல் உலகுக்கு அறிவித்தனர். ஐந்து கார்பன் வளையங்கள் ஒட்டிக்கொண்ட மூலக்கூறு அது.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். கீல் ஏன் நீரில் கரைவதில்லை? கார்பன் வளையங்களாலான ஹைட்ரோகார்பன்கள் அதில் நிறைந்திருப்பதால். அதே வளையக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் பென்சோபைரீனும். கூரையைக் காத்த குணமும் கூரை வேய்ந்தவனைக் கெடுத்த குணமும் ஒரே வீட்டில் பிறந்தவை!

1976-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 6,000 கூரைத் தொழிலாளரைப் பற்றிய ஆய்வு ஒன்று வெளியாயிற்று. 20 ஆண்டுகளுக்கு மேல் இத்தொழிலில் இருந்தவர்கள் நுரையீரல் புற்றுநோயால் இறப்பது மற்றவர்களைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு என்று அது கண்டது. பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, நிலக்கரித் தார்க் கீலைக் கையாளும் கூரை வேலையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் வகுப்பில் வைத்துள்ளது. முயல் சோதனை நடந்தது 1915-இல். தொழிலாளரை எண்ணிப் பார்த்தது 1976-இல். இடையில் கழிந்த 61 ஆண்டுகளிலும் கொப்பரைகள் கூரைகளின் மேல் புகைந்துகொண்டேதான் இருந்தன.

வந்த மாற்றங்கள்

1859-இல் பென்சில்வேனியாவில் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டிய பின் பெட்ரோலியத் தொழில் வளர்ந்தது. பெட்ரோலியத்தைக் காய்ச்சி வடித்தபின் அடியில் தங்கும் கசடும் கறுப்புக் கீல் போன்றதே. 1890-களில், சூடான இக்கசடுக்குள் காற்றை ஊதி அதன் இளகுநிலையை உயர்த்தும் முறை பழக்கத்துக்கு வந்தது. இதனால் வெயிலில் எளிதில் வழியாத, சரிவிலும் நிற்கும் பூச்சுக் கிடைத்தது. மின்விளக்கும் இயற்கை எரிவாயுவும் வந்து பழைய எரிவாயு நிலையங்கள் மறைய மறைய, கூரைகளில் நிலக்கரிக் கீலின் இடத்தைப் பெட்ரோலியக் கீல் பெருமளவு பிடித்துக்கொண்டது. அதில் பென்சோபைரீன் போன்றவை மிகக் குறைவு. எனினும், காற்றூதிய கீலைக் கூரையில் காய்ச்சிப் பூசும் வேலையும் புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம் என்று அதே முகமை 2011-இல் மதிப்பிட்டது.

கந்தல் ஃபெல்ட்டின் இடத்தைக் கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் இழையும் பெற்றன. 1960-களில் இத்தாலியில் மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் செய்யும்போது ஒழுங்கற்ற அமைப்புடைய மெழுகு போன்ற பகுதி ஒன்று வேண்டாப் பொருளாக ஒதுங்கிற்று. அதைப் பெட்ரோலியக் கீலில் கலந்தபோது, வெயிலையும் குளிரையும் கூடுதலாகத் தாங்கும் தகடு கிடைத்தது. இங்கும் கழிவுதான் கைகொடுத்தது! நம் ஊர்களில் ஒழுகும் மொட்டை மாடியின்மேல் வாயுச் சுடரால் அடிப்பக்கத்தை இளக்கி ஒட்டுகிறார்களே, அந்தத் தார் ஷீட் இவ்வகையைச் சேர்ந்ததே. கொப்பரை இங்கே தேவையில்லை. காய்ச்சாமலே ஒட்டும் தகடுகளும் இன்று உண்டு. கொப்பரை வைத்தே செய்ய வேண்டுமானாலும், மூடியைத் திறந்து போடாமல், தேவைக்கு மேல் சூடேற்றாமல் இருந்தால் புகை பெரிதும் குறையும்.

தமிழ்நாட்டின் பழைய மாடி வீடுகளிலும் அடுக்கு முறை உண்டு என்பதை நினைவூட்ட வேண்டும். தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம் இட்டு, கடுக்காய் வெல்லச் சாறு தெளித்துத் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதித்தார்கள். தார் இல்லை, புகை இல்லை. ஆனால், மாதக் கணக்கில் உழைப்புத் தேவை. வெவ்வேறு பொருள்களுக்கு வெவ்வேறு வேலையைப் பகிர்ந்து கொடுப்பதே நீரை வெல்லும் வழி என்ற அறிவு பல நாடுகளுக்கும் பொதுவானது.

ஒரு பொருளை நாம் கழிவு என்று ஒதுக்குவது, அதற்குரிய வேலையை இன்னும் கண்டுபிடிக்காததால்தான் என்பதைக் கூரையின் வரலாறு காட்டுகிறது. கந்தலும் தாரும் கூழாங்கல்லும் சேர்ந்து கோடிக்கணக்கான மக்களை நனையாமல் காத்தன. ஆனால், எந்தத் தொழிலிலும் கழிவு முற்றிலும் மறைந்துவிட்டது என்று சொல்லும் முன், அது எவருடைய உடலில் போய்த் தங்கியிருக்கிறது என்றும் கேட்டாக வேண்டும். அடுத்த முறை ஏதேனும் ஒரு மாடியில் தார் ஷீட் ஒட்டும் தொழிலாளியைக் கண்டால், கூரை ஒழுகாமல் இருக்குமா என்று கேட்பதோடு, அவர் கையுறை போட்டிருக்கிறாரா, புகை அவர் முகத்தில் படாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒழுகாத கூரையின் கீழே இருப்பவரைப் போலவே, அதன்மேல் நின்று வேலை செய்பவரும் காப்புக்கு உரியவர்.